அக்கா அசையாமல் இருந்த ஆறு நிமிடங்கள்

அந்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறவளுக்கு ஆடாதம்மா என்று பெயர். ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது "ஆடாதீங்கம்மா, ஆடாதீங்கய்யா" என்று மைக்கில் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் வார்டு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள், கடைசியில் டாக்டர்களே போன் செய்து "ஆடாதம்மா இருக்காங்களா" என்று கேட்கும்படி ஆயிற்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்பட அவளுக்கு உரிமையும் இருந்தது. இந்த ஸ்கேன் போட்டோ மாதிரி ஒரு நொடியில் எடுக்கிற சமாசாரம் இல்லை. ஆளைக் குழாய்க்குள் படுக்க வைத்து, தலைக்கு ஒரு கூண்டை மாட்டி, இயந்திரம் டமடமவென்று தட்டத் தட்ட, வரி வரியாக அளவுகளைச் சேர்த்துக் கடைசியில்தான் படமாக்கும். தலைக்கு இருபத்தெட்டு நிமிடம். நடுவில் ஒருவர் இருமினாலும் போச்சு, படம் முழுக்க மங்கல். அடுத்த ஷிப்டில் வருகிற மனிதர் அப்படிப்பட்ட படத்தையும் "நோயாளி அசைந்துவிட்டார்" என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆடாதம்மாவுக்கு அது ஆகாது. மங்கலாக வந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிட்டு மறுபடி எடுப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் கையால் எடுத்த மங்கல் படம் ஒன்றுகூட அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை.

அந்தப் பெருமைதான் அவளை மாட்டிவிட்டது.

ஒரு தலைக்கு இருபத்தெட்டு நிமிடம் என்றால் வரிசை நகருமா? ஸ்கேனுக்குத் தேதி வாங்கவே மூன்று மாதம் ஆகிக்கொண்டிருந்தது. அதனால் நிர்வாகம் ஒரு மென்பொருள்காரரைக் கூட்டிவந்தது. சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா வைத்திருப்பார், ஒன்றாலும் எழுதிப் பார்த்தவர் இல்லை. அவர் சொன்னது இதுதான்: இயந்திரம் எல்லா வரிகளையும் அளக்க வேண்டாம், கால்வாசி அளந்தால் போதும். ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேன்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் மீதி முக்கால்வாசியைத் தானே நிரப்பிவிடும். ஆறு நிமிடத்தில் வேலை முடியும், படமும் முன்னைவிடத் துல்லியமாக வரும். ஆடாதம்மாவுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவளுடைய அக்கா அப்படித்தான். எதிரில் இருப்பவர் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் மீதி வாக்கியத்தை அவளே முடித்து வைத்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மென்பொருளுக்குப் பாடம் படிக்கப் பழைய ஸ்கேன்கள் வேண்டுமே. மூன்று வருஷத்து அளவுகள் ஒரு பெட்டியில் அப்படியே சேமித்து வைக்கப்பட்டிருந்தன. நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று ஆடாதம்மாவிடம் சொன்னார்கள். அவளிடம் போய் அப்படிச் சொல்லலாமா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்தாள். துளி அசைவு தெரிந்தாலும் தள்ளினாள். அடுத்த ஷிப்ட்காரரின் மங்கல் படங்கள் முந்நூறுக்கும் மேல் இருந்தன. அவற்றைத் தேறாதவை என்று ஒதுக்கி, பெட்டியில் இடம் அடைக்கிறதே என்று ஒரேயடியாக அழித்தும் விட்டாள். மிஞ்சியது இரண்டாயிரத்து நானூறு தலைகள். மென்பொருள்காரர் பார்த்துவிட்டு, என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான டேட்டாவைப் பார்த்ததே இல்லை என்றார். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சொன்னாள்.

சோதனையும் நன்றாகவே நடந்தது. நர்சுகள், லிஃப்ட் ஆள், கணக்குப் பிரிவு அம்மாள், ஆடாதம்மா எல்லாரும் முறைபோட்டுப் படுத்தார்கள். ஒவ்வொருவரையும் பழைய முறையில் ஒரு தடவை, புது முறையில் ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டார்கள். ஆடாதம்மாவின் மூளைக்கு நடுவில் நாலு மில்லிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. பிறவியிலேயே பலருக்கு இருப்பது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா. ஆள் குறைந்தபோதெல்லாம் அவளே போய் ஏழு தடவை படுத்தாள், ஏழு தடவையும் அந்தக் கட்டி அதே இடத்தில் பட்டாணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டரம்மா திருப்தியாகத் தலையசைத்தார். தலை ஸ்கேன் எல்லாம் இனி ஆறு நிமிடம்தான் என்று உத்தரவு வந்தது. மூன்று மாத வரிசை மளமளவென்று கரைந்தது.

சோதனைக்குப் படுத்தவர்கள் எல்லாருமே ஸ்கேனில் எப்படிப் படுக்க வேண்டும் என்று தெரிந்த ஆஸ்பத்திரி ஆட்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா வந்தாள். மூன்று வயது மூத்தவள். வாய் ஓயாது. பேசும்போது கையும் காலும் கூடவே பேசும். ஆறு மாதமாக இடது காதில் ரீங்காரம், போனை அந்தக் காதில் வைத்தால் எதிரில் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சின்னதாக ஏதாவது வளர்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஆடாதம்மா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். அக்காவோ, வளர்கிறதுக்கு வேற இடமே கிடைக்கலையாமா என்று சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை அக்காவை அவளே மேசையில் படுக்க வைத்தாள். காதுக்குப் பஞ்சு வைத்தாள், தலைக்குக் கூண்டு மாட்டினாள், பயமாக இருந்தால் அழுத்து, மணி அடிக்கும் என்று கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தாள். அக்கா அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆறே நிமிஷம், வாயை மூடிக்கிட்டு இரு என்று செல்லமாக ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஆடாதம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நோயாளியின் குரல் கேட்பதற்கென்று அவள் முன்னாலிருந்த மேசையில் ஒரு குமிழ் உண்டு. இயந்திரம் தட்ட ஆரம்பித்தால் அதன் வழியாக இந்த அறையிலும் காது கிழியும் என்பதால் எல்லாரும் அதைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிடுவார்கள். அவளும் வழக்கம்போலக் குறைத்தாள். கண்ணாடி வழியாக அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மஞ்சள் சாக்ஸுக்குள் கட்டை விரல் ஆடிக்கொண்டே இருந்தது. கால்தானே, தலை ஆடாவிட்டால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. நரம்பு இழை இழையாகத் தெரிந்தது, அதில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அறிக்கை எழுதினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே போவதற்குள் ஆறு பேருக்குப் போன் செய்துவிட்டாள். ஆடாதம்மாவும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் இடது பக்கமிருந்து ஏதோ கேட்டார், அக்காவுக்குக் காதில் விழவில்லை. காதில் ஒண்ணும் இல்லேன்னு சொல்லியாச்சு, இனிமே கேக்காத மாதிரி நடிக்காதே என்று அத்தான் கிண்டல் செய்தார். அக்காவும் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை எடுத்து வைத்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்பினாள், பேசினாள். ஆடாதம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே பார்த்தாள். அரை மணி நேரத்தில் அக்காவின் தலை அசையாமல் இருந்த நேரம் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் இல்லை.

அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக ஆடிக்கொண்டே இருக்கிறவள் அந்தக் குழாய்க்குள் மட்டும் ஆறு நிமிடம் எப்படி இருந்தாள்? படத்தில் ஒரு துளி மங்கல்கூட இல்லையே. அடுப்படியில் அக்காவைத் தனியாகப் பிடித்து, அன்னைக்கு உள்ளே பேசினியா என்று கேட்டாள்.

"இல்லையே. பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி இருந்தேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, ஏற்கனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள்.

அக்கா பொய் சொன்னால் கையில் கிடைத்ததைத் துடைப்பாள். பள்ளிக்கூடத்தில் தங்கை உடைத்த பூச்சட்டியைத் தான் உடைத்ததாகச் சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கிய அன்றும், பாவாடையால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டுதான் நின்றாள். ஆடாதம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை நோயாளிகள் வருவதற்கு முன்னால் அடுத்த ஷிப்ட்காரரை வரச் சொல்லி, என்னை உள்ளே போட்டு ஆறு நிமிட ஸ்கேன் எடுங்கள் என்றாள். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் பொத்தானை அழுத்தினார். பதினோரு வருஷமாக ஊரையே ஆடாதே என்று அதட்டியவள், அன்று குழாய்க்குள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள், எச்சில் விழுங்கினாள், வாய்ப்பாடு சொன்னாள். வெளியே வந்து படத்தைப் பார்த்தாள். படம் துளிகூட மங்கலாக இல்லை. துல்லியமாக, அழகாக, புத்தகத்தில் போடுகிற மாதிரி இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய பட்டாணியை மட்டும் காணோம். ஏழு தடவை படம் எடுத்து, டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட கட்டி, இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தது.

"உங்க கட்டி எங்கம்மா?" என்றார் அடுத்த ஷிப்ட்காரர்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரத்து நானூறு தலைகளைக் காட்டியும், ஆடினால் என்ன ஆகும் என்பதை அந்த மென்பொருளுக்கு யாரும் காட்டவில்லை. அது பார்த்ததெல்லாம் ஆடாத தலைகள். ஆடிக் குழம்பிய அளவுகளைக் கொடுத்தாலும், தான் பார்த்துப் பழகிய ஆடாத தலை ஒன்றை அது மரியாதையாக வரைந்து கொடுத்துவிடுகிறது. பழைய மங்கல் படமாவது, என்னை நம்பாதே என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும். இது சிரித்த முகத்தோடு வருகிறது. அக்கா மாதிரியே இதுவும் அவள் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறது.

அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. அக்காவை மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி பழைய முறையில் இன்னொரு தடவை எடுத்துவிடலாம். சந்தேகத்துக்காக எடுத்தேன் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பதினைந்து நிமிடம் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தாள், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நூற்று நாற்பது பேர் அந்தக் குழாய்க்குள் போய்விட்டு, ஒன்றும் இல்லை என்ற தாளோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களிலும் வாய் ஓயாதவர்கள் இருப்பார்கள், கை நடுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தங்கை இங்கே வேலை செய்யவில்லை. எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். மென்பொருள்காரரும் அங்கேதான் இருந்தார்.

"மங்கல் படம் எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன், டாக்டர். ஒண்ணுகூடப் பாடத்துக்குக் குடுக்கலை. என் பேர் கெட்டுடும்னு குடுக்கலை" என்றாள்.

பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், பட்டாணி இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. மென்பொருள்காரர் வெகு நேரம் பார்த்தார். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை, சுத்தமான டேட்டா என்று பல்லைக் காட்டியவன் நான்தான், ஆடுகிறவர்களை வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்றார். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று பிறகு ஆடாதம்மா நினைத்தாள். மங்கலா வந்திருந்தா நான் அன்னைக்கே திரும்ப எடுக்கச் சொல்லியிருப்பேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஆறு நிமிட ஸ்கேனை அந்த நிமிடமே நிறுத்தி, நூற்று நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

மற்றவர்களைக் கூப்பிட அலுவலகத்தில் ஆள் இருந்தது. அக்காவுக்குச் சொல்ல ஆடாதம்மாதான் போனாள். ஆறு பேருக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டவளிடம், அந்தச் சந்தோஷம் செல்லாது என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கி ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். அக்கா நடுவில் புகுந்து ஒரு வாக்கியத்தையும் முடித்து வைக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"நிஜத்தைச் சொல்லுக்கா. அன்னைக்கு உள்ளே என்ன பேசினே?"

அக்கா துடைக்க எதையாவது தேடினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"என்னை வெளியே எடுடின்னுதான் கத்திட்டு இருந்தேன். ஆறு நிமிஷமும்."

ஆடாதம்மா அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கையில் பந்து இருந்ததே, ஏன் அழுத்தவில்லை என்று கேட்டாள்.

"மணி அடிச்சா எல்லாரும் ஓடி வருவாங்க. உன் சொந்த அக்காவே ஆறு நிமிஷம் இருக்கலைன்னா உனக்குத்தானே அசிங்கம். உன் பேர் சொன்னா உனக்கு மட்டும் கேட்டுடும்னு நினைச்சேன்."

குமிழைக் குறைத்து வைத்த கையை ஆடாதம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். அக்காதான் முதுகில் தட்டிக்கொடுத்தாள், ஸ்கேனுக்குப் போகிறவள் எவள் என்றே தெரியாதபடி.

செவ்வாய்க்கிழமை பழைய முறையில் இருபத்தெட்டு நிமிடம். ஆடாதம்மா இந்தத் தடவை குமிழை முழுக்கத் திருப்பி வைத்தாள். இயந்திரம் தட்டத் தட்ட அறையே அதிர்ந்தது. அடுத்த ஷிப்ட்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார், அவள் பொத்தவில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மைக்கில், அக்கா இருக்கேன், இன்னும் இவ்வளவுதான் என்று சொன்னாள். அக்கா பதிலே சொல்லவில்லை. மஞ்சள் சாக்ஸ் அசையவில்லை. வெளியே எடுத்தபோது கண்ணோரமாக வழிந்த தண்ணீர் இரண்டு காதுப் பஞ்சையும் நனைத்திருந்தது. துடைத்தால் கை ஆடும், கை ஆடினால் தலை ஆடும் என்று துடைக்காமலே கிடந்திருக்கிறாள்.

படத்தில் கட்டி இருந்தது. இடது நரம்பில், ஐந்து மில்லிமீட்டர்.

டாக்டரம்மா அக்காவை உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். இது புற்று இல்லை, உயிருக்கு ஆபத்து இல்லை. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம். ஒரு வருஷம் விட்டிருந்தால் முக நரம்பையும் அழுத்தத் தொடங்கியிருக்கலாம், அப்போது வைத்தியம் சிக்கல். இப்போது கதிர் சிகிச்சை போதும். ஆனால் அந்தக் காதில் போன கேட்கும் சக்தி திரும்பி வராது, மிச்சம் இருப்பதும் குறையலாம். அக்கா வலது காதைத் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அத்தானுக்கு இனிமேல் வலது பக்கம் உட்காரச் சொல்ல வேண்டும் என்றாள்.

நூற்று நாற்பது பேரில் பதினோரு பேருடைய படம் மாறியது. வைத்தியம் தேவைப்பட்டது அக்காவுக்கும் இன்னொரு பெரியவருக்கும்தான். மென்பொருள்காரர் ஊருக்குப் போகவில்லை, வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார். வரிசை மறுபடி நீண்டுவிட்டதே, ஆறு நிமிட முறையை அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆடினால் ஆடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்லும்படி மென்பொருளைப் பழக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரே ஆள் ஆடாமலும் ஆடியும் எடுத்த படங்கள் வேண்டும். ஆஸ்பத்திரி ஆட்களை ஆடச் சொன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு ஒரே மாதிரி ஆடினார்கள். லிஃப்ட் ஆளுக்கு ஆடவே வரவில்லை. இயல்பாக ஆடுகிற ஆள் யாராவது கிடைப்பார்களா என்று அவர் கேட்டபோது, ஆடாதம்மா வாய் திறப்பதற்குள் விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது. இதுக்காவது நான் லாயக்குன்னு ஒருத்தர் சொன்னாரே என்று புதன்கிழமைதோறும் வரச் சம்மதித்தாள்.

முதல் புதன்கிழமை. சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அதே மேசை, அதே கூண்டு, அதே மஞ்சள் சாக்ஸ். ஆடாமல் எடுக்க வேண்டியதை முதலில் எடுத்து முடித்தார்கள். அடுத்தது ஆறு நிமிடம். இந்தத் தடவை உனக்கு எப்படித் தோணுதோ அப்படி இரு என்று ஆடாதம்மா சொல்லியிருந்தாள். இயந்திரம் தட்ட ஆரம்பித்தது. அக்கா அசையவில்லை, பேசவும் இல்லை. நாற்பத்தெட்டு வருஷத்தில் பேசு என்று யாரும் சொல்லிப் பழக்கமில்லாததால் என்ன பேசுவதென்று தெரியாமல் கிடந்தாள் போலிருக்கிறது.

குமிழ் முழுக்கத் திருப்பியே இருந்தது. ஆடாதம்மா மைக்கை அழுத்தினாள்.

"அக்கா, பேசு."

டமடமவென்ற சத்தத்துக்கு நடுவில் கட்டை விரல் ஆடியது.

"கேக்குதாடி?" என்றாள் அக்கா.

"கேக்குதுக்கா."